மகன் முக்குளிக்கும் குட்டைக்கு நானும் போனேன்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போகிற வழியில், சாலையோரம் பச்சையாகத் தேங்கி நிற்கும் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு ஈயக்குட்டை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 1985-இல் ஈய விலை விழுந்த பிறகு சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து அப்படியே நின்றுவிட்டது. எங்கள் தோட்ட லயத்துக்குப் பின்னாலும் ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஆறாம் ஆண்டு படிக்கும்போது அதில்தான் மூழ்கிப் போனான். நீச்சல் தெரிந்த பையன். அந்தக் குட்டையில் கரையிலிருந்து இரண்டு அடி வைத்தால் மூன்றாவது அடிக்குத் தரை இருக்காது. மணல் சரிந்து ஆளைச் சேற்றில் இறக்கிவிடும். அன்றிலிருந்து என் அம்மாவுக்கு ஒரே பேச்சுதான்: "அடி தெரியாத தண்ணியில காலை வைக்காத."

அதனால்தான் இங்கிலாந்தில் லெஸ்டரில் படிக்கும் மகன், "அம்மா, கிளப்புல ஸ்கூபா கத்துக்கறேன், வாரா வாரம் ஒரு பழைய கல்குவாரில இறங்கறோம்" என்று போனில் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. திட்டினேன். ரெண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவன் எழுதி அனுப்பினான்: பட்டமளிப்புக்கு எப்படியும் வரப்போறீங்க, ஒரு நாள் வந்து நீங்களே பாருங்க.

பார்க்கிறதென்றால் கரையில் நின்று பார்க்கக் கூடாது, இறங்கித்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. தோட்ட ஆபீஸில் கிராணி வேலை, 47 வயது, நீச்சல் அரைகுறை. கையில் பத்து மாதம் இருந்தது.

இடத்தின் பெயர் ஸ்டோனி கோவ். லெஸ்டர்ஷயரில் ஸ்டோனி ஸ்டான்டன் என்ற கிராமத்தில் இருக்கிறது. 1958-இல் கல் எடுப்பதை நிறுத்தினார்கள். ஊற்றுத் தண்ணீர் ஏறிக் குவாரி நிறைந்துவிட்டது. நம் ஈயக்குட்டையின் கதையேதான். ஆனால் அங்கே கல் வெட்டிய படிகள் தண்ணீருக்கடியில் தட்டுத் தட்டாக அப்படியே நிற்கின்றன: 6 மீட்டரில் ஒன்று, 20 மீட்டரை ஒட்டி ஒன்று, மிக ஆழமான இடம் 35 மீட்டர் வாக்கில். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று வரைபடமே கிடைக்கிறது. அந்த வரைபடத்தை அச்செடுத்து ஆபீஸ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். என் பயம் இறங்க ஆரம்பித்தது அன்றுதான்.

பயிற்சியாளர் துணையில்லாமல் அங்கே ஸ்கூபா இறங்கச் சான்றிதழ் அட்டை வேண்டும். ஆகவே முதல் வேலை ஓப்பன் வாட்டர் என்ற தொடக்க நிலை முக்குளிப்புப் பயிற்சி. அதற்கு முன்னால் மருத்துவப் படிவம். 45 வயதுக்கு மேல் என்றால் கூடுதலாகச் சில கேள்விகள் வரும். அதில் ஒன்று, நெருங்கிய ரத்த உறவில் யாராவது 50 வயதுக்கு முன் இதய நோயால் இறந்திருக்கிறார்களா என்பது. அப்பா 48 வயதில் மாரடைப்பில் போனவர். ஆமாம் என்று கோடிட்டேன். அப்படிக் கோடிட்டால் டாக்டர் கையெழுத்து கட்டாயம். நான் முதலில் போன கிளினிக்கில் டாக்டர் படிவத்தைப் படிக்கவே இல்லை, பேசிக்கொண்டே முத்திரை குத்தி நீட்டிவிட்டார். வாங்கிக்கொண்டு வெளியே வந்தவளுக்கு மனசு ஒப்பவில்லை. தண்ணீருக்கடியில் என் நெஞ்சுக்கு ஏதாவது ஆனால் தூக்கி வரப்போவது என் மகன். ஈப்போவில் வேறு டாக்டரைப் பார்த்து ஈ.சி.ஜி.யும் டிரெட்மில் சோதனையும் எடுத்து, அவர் முழுசாகப் படித்துப் போட்ட கையெழுத்தைத்தான் கொடுத்தேன். என்னைப் போல ஆரம்பிக்கிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: அந்தப் படிவத்தில் பொய் எழுதாதீர்கள்.

நீச்சல் சோதனைக்கு நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், வேகம் கணக்கில்லை. 10 நிமிடம் மிதக்க வேண்டும். மூன்று மாதம் ஞாயிறுதோறும் ஈப்போ நீச்சல் குளத்தில் கிடந்தேன். மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றும் பாடத்தில் மட்டும் அழுதுவிட்டேன். முகக் கண்ணாடி நிறையத் தண்ணீர், கண்ணை மூடினால் அந்தப் பக்கத்து வீட்டுப் பையன். பயிற்சியாளர், ஒரு சீனப் பெண், என் தோளைப் பிடித்தபடி குளத்தின் அடியில் முட்டி போட்டு உட்கார்ந்து, தானே ஐந்து முறை செய்து காட்டினார். ஆறாவது முறை நான் செய்தேன்.

கடல் பாடத்துக்குப் பெர்ஹெந்தியான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தீவு அனேகமாக மூடிக் கிடக்கும் என்பதால் மே மாதத்தில் போனோம். கிரிக் வழியாகக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் காரை விட்டு, கோலா பெசுட்டில் படகு பிடித்தோம். ரெண்டு நாளில் நாலு இறக்கம். தண்ணீர் 29 டிகிரி. அட்டை கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடித்த பகுதி, கணக்கு. கடல் நீரை விட நன்னீரின் அடர்த்தி ஏறக்குறைய 2.5 விழுக்காடு குறைவு. நம்மைத் தூக்கிப் பிடிக்கும் விசையும் அதே அளவு குறையும். என் எடையும் சாமான்களின் எடையும் சேர்த்து 84 கிலோ, அதில் 2.5 விழுக்காடு 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மிதக்காமல் கீழே இறங்கக் கடலில் 6 கிலோ ஈயம் கட்டியவளுக்கு நன்னீரில் 4 கிலோ போதும். ஆனால் லெஸ்டரில் 3 மில்லிமீட்டர் உடை போதாது, 7 மில்லிமீட்டர் வேண்டும். தடித்த உடை அதிகமாக மிதக்கும், ஈயம் ஏறும். அங்கே எனக்குக் கிடைக்கப்போவது எஃகு சிலிண்டர். நம் ஊர் அலுமினியத்தை விட அது தண்ணீரில் கனம், ஈயம் இறங்கும். காகிதத்தில் கூட்டிக் கழித்து 8 கிலோ என்று வைத்துக்கொண்டேன். இடுப்பில் கட்டுவதும் ஈயம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த அட்டைக்கு எல்லை 18 மீட்டர். ஸ்டோனி கோவில் என்னை இழுத்தது ஸ்டேன்கார்த் என்ற பழைய இழுவைப் படகு. 2000-இல் முக்குளிப்பவர்களுக்காகவே மூழ்கடித்தார்கள். அது கிடப்பது 20 மீட்டருக்கும் கீழே. மகனுக்கு அதைக் காட்ட ஆசை. வேண்டாம் என்று பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

பயணக் காப்புறுதியில் கிட்டத்தட்ட ஏமாந்தேன். வாங்கிய பிறகு பொடி எழுத்துகளைப் படித்தால் ஸ்கூபாவுக்குச் செல்லாது என்று இருந்தது. பணம் திரும்பவில்லை. முக்குளிப்பைப் பெயர் சொல்லிச் சேர்த்திருந்த வேறொன்றை வாங்கினேன். மலேசியருக்கு விசா வேண்டாம், இ.டி.ஏ. என்ற மின் அனுமதி எடுக்க வேண்டும். நான் எடுத்தபோது 16 பவுன். முக்குளித்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பதால் குவாரிக்கு வெள்ளிக்கிழமையும் திரும்பும் விமானத்துக்கு ஞாயிறும் என்று வைத்தோம். உடையின் அளவு சொல்லி வாடகைச் சாமான்களை முன்கூட்டியே பதிவு செய்தான் மகன். என் அம்மாவிடம் மட்டும் நான் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கரையோரத் தண்ணீரில் நின்று ஈயத்தைச் சரிபார்த்தோம். மிதப்பதற்காகக் காற்றடைக்கும் ஜாக்கெட்டில் காற்றில்லாமல், சாதாரணமாக மூச்சைப் பிடித்து நின்றால் தண்ணீர் கண் மட்டத்துக்கு வர வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல இறங்க வேண்டும். 8 கிலோவில் தண்ணீர் தாடை வரைதான் வந்தது, மூச்சு விட்டும் இறங்கவில்லை. 9 ஆக்கினோம். இறங்கினேன்.

6 மீட்டர் தட்டில் கால் துடுப்பு படாமல் நின்று பார்த்தேன். கல். வெட்டிய கல், விளிம்பு தெரிகிற கல். களைகளுக்கு நடுவே பைக் என்ற மீன், நம் விரால் மாதிரி நீளமாக, அசையாமல் நின்றது. கொஞ்சம் கீழே போனதும் கன்னத்தில் பனிக்கட்டி வைத்தது போல் ஒரு குளிர். மேல் தண்ணீர் 18 டிகிரி, அங்கே மணிக்கட்டில் கட்டிய முக்குளிப்புக் கணினி 11 காட்டியது. மகன் திரும்பி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாக்கிக் கேட்டான். நானும் வட்டம் காட்டினேன். மேலே வரும் வரை அவன் என் கை எட்டும் தூரத்தை விட்டு விலகவில்லை. பயிற்சி என்ன கற்றுக்கொடுக்கும் என்று அப்போது என் கண்ணால் பார்த்தேன்.

ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்து அம்மாவிடம் சொன்னேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அடி தெரிஞ்சுச்சா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுச்சும்மா. ஆறு மீட்டர்ல."