டோக்கியோவுக்கு ஒரு 'க்' அதிகம்: ஜப்பானிய உச்சரிப்பில் இதுவரை

இந்த வாரம் போனில் ஜப்பானியக் குரல் தட்டச்சைத் திறந்து வைத்து, கடந்த காலம், கூடை, அடைப்புக்குறி ஆகிய மூன்றுக்கும் உரிய சொற்களை வரிசையாகச் சொன்னேன். மூன்றையும் சரியாக எழுதியது. மாற்றி மாற்றிச் சொல்லியும் ஏமாறவில்லை. பெருமையடிக்கத்தான் இந்தப் பதிவு. ஹிராகானா, கத்தகானா என்ற எழுத்து வரிசைகள், தெ-வடிவம் என்ற வினை வடிவம் எல்லாம் தாண்டி வந்தவர்களுக்கு அந்தப் பெருமை புரியும்.

அந்த மூன்று சொற்களைத் தமிழில் எழுதிக் காட்டவே ஓர் ஏற்பாடு வேண்டும். சுலோகப் புத்தகங்களில் எண் போடுவார்களே, அதே போல 'தங்கம்' என்பதில் ஒலிக்கும் க-வுக்கு க³ என்று போடுகிறேன். எண் இல்லாத க எங்கே வந்தாலும் 'கல்'லில் வரும் க. த-வுக்கும் இதேதான். இப்போது: ககொ, கடந்த காலம். ககொ³, கூடை. கக்கொ, அடைப்புக்குறி.

சிக்கல் எங்கே என்று பார்த்த உடனே தெரிந்திருக்கும். இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை க வந்தால் நம் வாய் அதை இளக்கிவிடும்: பகல், முகம். வல்லோசை வேண்டுமென்றால் இரட்டிப்போம்: பக்கம், வெட்கக்கேடு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஜப்பானியர்கள் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒற்றைதான், ஆனால் இளகாது. நமக்கு அந்த அறையே கிடையாது. ஊர்ப் பெயர்களிலேயே பார்க்கலாம். டோக்கியோவில் நாமாக ஒரு 'க்' சேர்த்துவிட்டோம்; ஒசாகாவில் க-வை க³ ஆக்கிவிட்டோம்.

ஆங்கிலம் பேசிப் பழகியவர்களுக்கு இது தானாக வந்துவிடும் என்று வகுப்பில் ஒருவர் அடித்துச் சொன்னார். வராது. பேக்கரி, லாக்கர், பேப்பர் என்று ஆங்கிலத்திலும் நாம் இரட்டித்துத்தான் சமாளிக்கிறோம். அங்கே இரட்டித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஜப்பானிய மொழியில் வேறு சொல் ஆகிவிடும். கிதெ குத³ஸை என்றால் வாருங்கள். கித்தெ குத³ஸை என்றால் வெட்டுங்கள். (குத³ஸை-யில் இருப்பது த³ தான், அது நமக்கு இனாம்.) ஒதொ என்றால் ஓசை, ஒத்தொ என்றால் கணவர். 'நான்' என்ற சொல்லே வதஷி. அதுவே என் வாயில் வத³ஷி என்றுதான் வந்துகொண்டிருந்தது.

சரி, எப்படிப் பிடித்தேன் என்று சொல்கிறேன். சொல்லின் தொடக்கத்தில் க வந்தால் நமக்கும் வல்லோசைதான். அதனால் ககொ-வை இரண்டு தனிச் சொல்லாகப் பிரித்தேன்: க, கொ. நடுவில் நல்ல இடைவெளி. பிறகு அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே போக வேண்டும். ரொம்ப நெருங்கினால் கூடை வந்துவிடும், கொஞ்சம் தளர்ந்தால் அடைப்புக்குறி. நடுவே இருப்பது மெல்லிய ஜன்னல். அதைக் காது சொல்லாது, ஏனென்றால் காதும் தமிழ்க் காதுதான். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது. ககொ-வில் இரண்டு உயிருக்கும் நடுவே கோடு தட்டையாகப் படுத்துவிடும். ககொ³-வில் அந்த இடத்திலும் சின்னச் சின்ன அலை ஓடிக்கொண்டே இருக்கும். கக்கொ-வில் தட்டைக்கோடு இரண்டு மடங்குக்கும் மேல் நீளும். ஃபோர்வோ என்ற உச்சரிப்புத் தளத்தில் ஜப்பானியர்கள் சொன்ன பதிவை மேல் வரியிலும், என்னுடையதைக் கீழ் வரியிலும் போட்டு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வீட்டில் எல்லோரும் நான் ஏதோ மந்திரம் ஜபிக்கிறேன் என்று விட்டுவிட்டார்கள்.

கூடவே விரலில் மாத்திரை எண்ணுங்கள். நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானியர்கள் இரட்டிப்பின் முன்பாதிக்கு ஒரு முழு மாத்திரை கொடுக்கிறார்கள், சொல்லின் நடுவிலும் இறுதியிலும் வரும் ன்-னுக்கும் அப்படியே. ஹைக்கூவின் 5-7-5 எண்ணுவதும் இந்தக் கணக்கில்தான். ககொ இரண்டு தட்டு, கக்கொ மூன்று தட்டு. மெட்ரோனோம் ஆப் வைத்துத் தட்டினால் இரட்டிப்புப் பிழை சீக்கிரமே போய்விடுகிறது. இளகும் பிழைதான் பிடிவாதமாக ஒட்டிக்கொள்கிறது.

ஒரு சலுகை உண்டு. இரண்டு வல்லோசைக்கு நடுவே இ, உ வந்தால் அந்த உயிர் பெரும்பாலும் காற்றாகிவிடும். 'பிடிக்கும்' என்ற சுகி, ஸ்கி என்றுதான் காதில் விழும். அங்கே இளகவே வழியில்லை. எனவே அ, எ, ஒ வரும் சொற்களை மட்டும் பொறுக்கி ஆங்கி என்ற மனப்பாட அட்டை ஆப்பில் தனிக் கட்டாகப் போட்டுக்கொண்டேன். இன்னொரு சுவாரசியம்: பழைய டோக்கியோ உச்சரிப்பிலும், வானொலி அறிவிப்பாளர் பயிற்சியிலும் சொல் நடுவே வரும் க³-வை மூக்கால் சொல்வார்கள். கூடை அங்கே கிட்டத்தட்ட கஙொ. இளையவர்கள் இதை விட்டுவிட்டார்கள். நான் விடுவதாக இல்லை. நம் ங-வுக்கு வேலை கிடைத்த மாதிரியும் ஆயிற்று, ககொ-வோடு குழம்பவும் குழம்பாது.

போனை நடுவராக வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒற்றைச் சொல்லாகச் சொன்னால்தான் அதன் தீர்ப்பு செல்லும். முழு வாக்கியமாகச் சொன்னால் இடம் பார்த்து அதுவே திருத்திக்கொள்ளும். கெ³ங்கி³ தெ³ஸுக என்று உளறினாலும் 'நலமா' என்று ஒழுங்காக எழுதி வைக்கும். ஜப்பானியர்களும் அப்படித்தான். புரிந்துகொண்டு, நிஹொங்கொ³ ஜோஸு என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிழை அப்படியே ஊறிவிடுகிறது. தேர்வும் கண்டுகொள்வதில்லை. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வில், அடிநிலையான என்5 முதல் உச்சநிலையான என்1 வரை எங்கேயும் பேச்சுத் தேர்வு கிடையாது, எழுத்தும் கிடையாது. வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். சென்னை மையத்தில் என்4 எழுதித் தேறிய எனக்கு அப்போது என் பெயரையும் வத³ஷி-யையும் தவிர வாயில் எதுவும் ஓடவில்லை. என்3 படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இதில் உட்கார்ந்திருப்பதற்கு அதுதான் காரணம்.

அப்புறம், ஜப்பானும் தமிழும் ஒரே குடும்பம் என்று ஃபார்வர்டு அனுப்புபவர்களுக்கு: ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ அப்படிச் சொன்னது உண்மை, பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை என்பதும் உண்மை. வினை கடைசியில் வருவது, வேற்றுமை பின்னால் ஒட்டுவது, 'செய்து பார்', 'செய்து வை' எல்லாம் அப்படியே அங்கேயும் இருப்பது என்று இலக்கணம் சும்மா வழுக்கிக்கொண்டு போகிறது. அதுதான் ஆபத்தே. வாக்கியம் தமிழ் மாதிரி ஓட ஆரம்பித்ததும் நாக்கும் தமிழுக்குப் போய்விடுகிறது.

இனி மூக்கு வரிசை. இதில்தான் இப்போது சிக்கியிருக்கிறேன். மெல்லினத்துக்குப் பின் வல்லினம் வந்தால் நாம் இளக்கியே தீருவோம், பந்து, தங்கம், அம்பு. ஜப்பானியர்கள் இளக்காமலும் சொல்வார்கள், இளக்கியும் சொல்வார்கள், பொருளும் மாறும். கன்தென் என்றால் பார்வைக் கோணம். கன்தெ³ன் என்றால் ஷாக் அடிப்பது. ஸன்கை மூன்று தடவை, ஸன்கை³ மூன்றாம் தளம். 'எளிது' என்ற கன்தன் என் வாயில் அசல் கந்தனாகி வேல் பிடித்து நிற்கிறார். கவுன்ட்டர், ஆன்ட்டி என்று எழுதுகிற பழக்கத்தில் கன்த்தன் என்று இரட்டித்துப் பார்க்கிறேன். ன்-னுக்குப் பின்னால் இரட்டிப்பு அங்கே பெரும்பாலும் வராது என்பதால் வேறு சொல்லாகிவிடும் பயமில்லை. நிதானமாகச் சொன்னால் நிற்கிறது, வேகத்தில் மறுபடி கந்தன்.

எந்த நோட்டில் எழுதிப் பழகுவது என்று கேட்டவர்களுக்கு: கான்ஜி என்ற சீன வழி எழுத்துகளை எழுத இறக்குமதித் தாள் வாங்காதீர்கள், விலை அநியாயம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விற்கும் பெரிய கட்டம் போட்ட கணக்கு நோட்டு தாராளமாகப் போதும். ஜெல் பேனா மட்டும் பின்பக்கம் ஊறும், பால் பாயிண்டுக்கு மாறிவிட்டேன்.

மூக்கு வரிசை முடிகிற வரை சுரத்தை, அதாவது சொல்லுக்குள் குரல் ஏறி இறங்குவதை, தொடக் கூடாது என்றுதான் இருந்தேன். கை சும்மா இருக்கவில்லை, டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஓஜாட் என்ற சுர அகராதித் தளத்தில் ககி-யைத் தேடிவிட்டேன். தாழ்ந்து உயர்ந்தால் பெர்சிமன் பழம், உயர்ந்து தாழ்ந்தால் கடல் சிப்பி. போன் இதை மதிப்பதே இல்லை, எப்படிச் சொன்னாலும் பழத்தையே எழுதுகிறது. வேறு நடுவர் பார்க்க வேண்டும்.