மரத்துப்போகிற ஊசியும் மயக்க மருந்துதான்

எங்கள் கரையில் மயக்க மருந்து என்றால், ஆளை முழுசாகத் தூங்க வைக்கிற மருந்து என்றுதான் அர்த்தம். விரலிலோ பாதத்திலோ போடுகிற ஊசியை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. “சும்மா மரத்துப்போற ஊசிதான?” என்பார்கள். நோயாளிகள் அப்படி நினைத்தால் பரவாயில்லை. புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களும் அப்படியே நினைப்பதுதான் என் கவலை. தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டை விட்டு நகர மாட்டார், மானிட்டரும் ஓடிக்கொண்டிருக்கும். காயம் தைக்கிற அறையில் அந்த ஏற்பாடு கிடையாது. தைக்கிற டாக்டரின் கண் காயத்தில் இருக்கும். ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பது நர்ஸ் மட்டும்தான்.

ராமநாதபுரம் கடலோரத்தில் அந்த அறைக்கு ஓய்வே இல்லை. தூண்டில் முள் விரலில் ஏறி வருவார்கள். திருக்கை வால் முள் பாதத்தில் குத்தி, வலி தாங்காமல் ஆளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பாசி எடுக்கப் போன பெண்கள் பாறையில் கால் கிழிந்து வருவார்கள். இதில் பலர் அன்றைக்கே வருவதில்லை. கடலுக்குப் போய்விட்டு, சீழ் வைத்த பிறகு வருவார்கள். அங்கேதான் சிக்கல். சீழ் பிடித்த சதையில் அமிலத்தன்மை கூடியிருக்கும், மரத்துப்போக வைக்கிற லிக்னோகெய்ன் மருந்து அங்கே சரியாக வேலை செய்யாது. “ஊசி பிடிக்கல சிஸ்டர், இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்க” என்று கெஞ்சுவார்கள். அந்த ‘இன்னும் கொஞ்ச’த்துக்கு ஒரு எல்லை இருக்கிறது.

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்தக் கணக்கைத்தான். இரண்டு சதவீத லிக்னோகெய்ன் என்றால் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். ரத்தக்குழாயைச் சுருக்குகிற அட்ரினலின் கலக்காத மருந்தில் கிலோவுக்கு நாலரை மில்லிகிராம்தான் உச்சம். பாசி எடுக்கிற அக்கா ஒருவர் 40 கிலோ இருக்கிறார் என்றால் 180 மில்லிகிராம், அதாவது 9 மில்லி. கையில் இருக்கும் பாட்டிலோ 30 மில்லி, 600 மில்லிகிராம்! பாதி பாட்டில் போனாலே அவருக்கு அளவு மீறிவிடும். அட்ரினலின் கலந்தது என்றால் ரத்தத்தில் மெதுவாகக் கலக்கும், கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை போகலாம். ஆனால் விரலுக்கு அட்ரினலின் கலக்காததைத்தான் எடுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். ரத்த ஓட்டம் நன்றாக உள்ள விரலுக்கு அதனால் கெடுதல் இல்லை என்று பிற்பாடு ஆய்வுகள் வந்தன. சரி, இருந்தாலும் வருஷக்கணக்காகப் பீடி குடித்த, சர்க்கரை நோய் உள்ள ஒருவரின் விரலுக்கு நான் பழைய முறைப்படியே எடுத்துக் கொடுப்பேன்.

எடை பார்க்காமல் ஊசி மருந்தை இழுக்கக் கூடாது. குழந்தை என்றால் இன்னும் கண்டிப்பு.

மருந்து அளவு மீறினாலோ, ரத்தக்குழாய்க்குள் போய்விட்டாலோ, பெரும்பாலும் முதலில் தெரியவருவது நோயாளியின் பேச்சில்தான். “வாயைச் சுத்தி மரமரன்னு இருக்கு”, “காதுக்குள்ள ங்கொய்னு கேக்குது”, “நாக்குல இரும்பு ருசி.” கேட்பவருக்கு இது பயத்தில் உளறுவது போலத் தோன்றும். இல்லை, மருந்து மூளையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்து வலிப்பு வரலாம், அதற்கும் அடுத்து இதயம் நிற்கலாம். அதனால்தான் தையல் போடும்போது நான் நோயாளியிடம் பேச்சை விடுவதே இல்லை. இன்றைக்கு எத்தனை பாகம் ஆழத்தில் வலை விட்டீர்கள், நண்டு என்ன விலை போகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று குழறினாலோ அடங்கிப்போனாலோ, ஊசியை நிறுத்தச் சொல்லி ஆக்சிஜனைக் கையில் எடுத்துவிடுவேன்.

இப்படி ஏறிவிட்டால் அதை முறிக்கிற மருந்து உண்டு. 20 சதவீத லிப்பிட் எமல்ஷன், அதாவது கொழுப்புக் கலவை, பார்க்கப் பால் மாதிரி இருக்கும். 1998-ல் வைன்பெர்க் குழுவினர் எலிகளில் இது பலன் தருவதைக் காட்டினார்கள், பிறகு மனிதர்களிலும் உயிரைக் காத்தது. கிலோவுக்கு ஒன்றரை மில்லி, 50 கிலோ ஆளுக்கு 75 மில்லி முதலில் போக வேண்டும். ஊசி போட்டு மரத்துப்போக வைக்கிற ஒவ்வொரு இடத்திலும் இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இன்னும் எல்லா இடத்துக்கும் வந்தபாடில்லை.

திருக்கைக் குத்துக்குச் சுடுதண்ணீர் வைத்தியம் உண்மையிலேயே வேலை செய்யும், அந்த விஷம் சூட்டில் செயலிழக்கும். சுமார் 45 டிகிரி சூட்டில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காலை வைத்திருப்போம். ஆனால் லிக்னோகெய்ன் போட்ட பிறகு அந்தக் காலுக்குச் சூடு தெரியாது. தண்ணீர் கொதித்தாலும் அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். நல்ல காலை முதலில் விட்டுப் பார்க்கச் சொல்வதும், ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் நம் கையை விட்டுப் பார்ப்பதும் நர்ஸ் வேலை.

தியேட்டருக்குள் எனக்கு அதிகம் பழக்கம் சிசேரியனுக்கு முதுகில் போடுகிற ஊசி. அந்த பூபிவகெய்ன் ஹெவியில் சர்க்கரை கலந்திருப்பதால் தண்டுவட நீரைவிடக் கனம், தாழ்ந்த பக்கம் இறங்கும். மேசையின் சாய்வில் கவனமாக இருப்பது அதனால்தான். ஊசி போட்டுப் படுக்க வைத்ததும், கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தாமல் இருக்கத் தாயை இடப்பக்கம் சற்றே சாய்ப்போம். “வாந்தி வர்ற மாதிரி இருக்கு சிஸ்டர்” என்றால் முதலில் கிண்ணத்தைத் தேடக் கூடாது, பிபியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது இறங்கியிருக்கும். “மூச்சு விட முடியல” என்றால் என் கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்வேன். பிடி தளர்ந்திருந்தால் மருந்து கழுத்து வரை ஏறிக்கொண்டிருக்கிறது. உடனே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்வேன்.

அந்தத் தியேட்டரில் நான் ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமிலத்தின் ஆம்பூலும் பூபிவகெய்ன் ஆம்பூலும் ஒரே தட்டில் இருக்கக் கூடாது. இரண்டும் நிறமில்லாத மருந்து, பார்க்கவும் ஒன்றுபோல இருக்கும். மாற்றி முதுகில் போய் உயிர்கள் போனதால் 2022-ல் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது. ஆம்பூலை உடைக்கும் முன் பெயரைச் சத்தமாகப் படிப்பேன், டாக்டரும் படிக்க வேண்டும். அவசரம் என்று யார் சத்தம் போட்டாலும் படித்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

முழு மயக்கத்தில் எங்களுடைய பாதி வேலை தியேட்டருக்கு வெளியிலேயே நடக்கிறது. “சாப்பாடு எதுவும் குடுக்கல, கஞ்சிதான்” என்பார் மாமியார். கஞ்சியும் சாப்பாடுதான், பால் டீயும் அப்படித்தான், 6 மணி நேரம் கழிய வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம் போதும். மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடும், வயிற்றில் இருப்பது நுரையீரலுக்கு ஏறும் என்று விளக்கிச் சொன்னால், ஒளிக்காமல் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். ‘என்ன சாப்பிட்டீங்க’ என்று கேட்டால் பதில் வரும், ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டால் தலையாட்டல்தான் வரும்.

அப்புறம் ஸ்கோலின், முழு மயக்கத்தில் தசைகளைத் தளர்த்தப் போடுகிற ஊசி. 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்பெட்டியில் இருக்க வேண்டிய மருந்து. காற்று மழைக் காலத்தில் இங்கே கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. போன நேரத்தையும் வந்த நேரத்தையும் பெட்டியின் கதவிலேயே எழுதி வைப்போம்.

முதுகில் ஊசி போட்ட பெண்கள் வீட்டுக்குப் போகும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புகிறேன். எழுந்து உட்கார்ந்தால் தலை பிளக்கிற மாதிரி வலித்து, படுத்தால் குறைகிறது என்றால், அது தண்டுவட நீர் கசிவதால் வருகிற வலி. பிள்ளை பெற்ற அலுப்பு என்று வீட்டில் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டாம், தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வாருங்கள், இதற்கு வைத்தியம் இருக்கிறது என்பேன். கணவர் கடலில் இருப்பார், அதனால் கூட வந்த அம்மாவையோ நாத்தனாரையோ நிறுத்தி, நான் சொன்னதை ஒரு முறை எனக்கே திருப்பிச் சொல்லச் சொல்வேன்.