ஜூன் மழையும் ஒரு எம்.ஜி.பியும்

ஜூன் 3
விடியலிலிருந்து மழை. எம்.ஜி.பி, என் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். சாவியைத் திருப்பினால் பின்னாலிருந்து டிக் டிக் டிக், நிற்கவே இல்லை. ஐந்தாறு தட்டலோடு பெட்ரோல் பம்ப் அடங்க வேண்டும். பெட்ரோல் வாசமும் இல்லை, சொட்டும் இல்லை. அப்படியென்றால் டாங்கிக்கும் பம்ப்புக்கும் நடுவே எங்கோ காற்று இழுக்கிறது.

ஜூன் 4
கண்டிக்கு இரண்டு தடவை கோல் எடுத்தேன். பிறகு சொல்கிறார்களாம்.

ஜூன் 5
வண்டியை வாங்கப்போகும் கொழும்புக்காரர் போனில் கேட்கிறார்: நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியாச்சா? ரேடியோ போடணுமாம். 1965 வண்டி, பாசிட்டிவ் எர்த்தோடு பிறந்தது; பேட்டரியின் பிளஸ் முனைதான் வண்டியின் உடம்போடு சேரும். சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. விலை மட்டும் தெரிகிறது.

ஜூன் 7
காற்று இழுத்தது வெடித்த ரப்பர் குழாயில். சாக்கை விரித்து அடியில் படுத்து மாற்றினேன். முதுகெல்லாம் ஈரம்.

அப்புறம் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டர். கொழும்பில் ஒரு மெக்கானிக் பாஸ் செட் பண்ணியது; அங்கே சரி. இங்கே 4,000 அடியில் காற்று மெலிசு, அதே பெட்ரோல் அதிகமாகிவிடுகிறது. பிளக் நான்கும் கரி. காபரேட்டர் பிஸ்டனை ஊசியால் துளி தூக்கினேன், எஞ்சின் வேகம் ஏறியது, ஏறியது இறங்கவில்லை; பெட்ரோல் அதிகம்தான். அடியில் இருக்கும் நட்டை ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று, மேலே; பெட்ரோல் குறையும். மறுபடி தூக்கினேன். இன்னொரு முகம். இரண்டு காபரேட்டருக்கும் மூன்று மூன்று முகம். பிறகு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டும் ஒரே மாதிரி மூச்சு விடுகிறதா என்று கேட்டேன். இருட்டிவிட்டது.

இந்த செட்டிங்கில் கொழும்பில் ஓடினால் பெட்ரோல் போதாது, சூடாகும். தெரிந்துதான் திருப்பினேன்.

ஜூன் 8
கோல் வரவில்லை.

ஜூன் 9
மழை ஒரு மணி நேரம் விட்டது. தலவாக்கலை வரை போய் வந்தேன். டெவன் அருவிக்கு எதிரே நிறுத்தாமல், மூன்றாம் கியரிலேயே ஏறியது. துணிக் கூரையான ஹூட் ஒழுகி இடது தொடை நனைந்தது. அது எப்போதும் ஒழுகும். அவள் அந்தப் பக்கம் துவாய் விரித்துத்தான் உட்காருவாள்.

ஜூன் 10
கண்டியிலிருந்து கோல். வெள்ளிக்கு முன் காசு கட்ட வேண்டுமாம்.

ஜூன் 11
நாளைக் காலை வருகிறார், காசோடு. ரேடியோ பற்றி மறுபடி கேட்டார்.

ராத்திரி டார்ச்சோடு போய் நட்டு இரண்டையும் மூன்று மூன்று முகம் கீழே இறக்கினேன். சாவியைத் திருப்பினேன். ஐந்து டிக். அடங்கிவிட்டது.