சி மைனஸ் எங்கிருந்து வந்தது?

பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடப் பெறுபேறு அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டபோது, நீர்வளப் பாடத்தில் என் சுட்டெண்ணுக்கு எதிரே ‘சி மைனஸ்’ என்று இருந்தது. இறுதிப் பரீட்சையை நன்றாக எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்துக் கோண்டாவில், இணுவில் தோட்டக் கிணறுகளில் நீர் எடுத்து, நைத்திரேற்று அளவைச் சோதித்துத் தயாரித்த கள அறிக்கையும் உரிய திகதியில் கொடுத்தாயிற்று. சுண்ணக்கல்லின் அடியில் தேங்கும் நீரை நம்பி வாழும் ஊரில் பிறந்தவள் நான். வேறெந்தப் பாடத்துக்கும் அவ்வளவு மனம் வைத்துப் படித்ததில்லை.

வீட்டில் அம்மாவும் வகுப்பில் தோழிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: கேள்வி கேட்டால் மிச்சப் பாடங்களிலும் கை வைத்துவிடுவார்கள், பேசாமல் அடுத்த முறை திரும்ப எழுது. அந்தப் பயம் பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் திரும்ப எழுதுவதால் வரும் இழப்பை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எங்கள் ஒழுங்குவிதிப்படி, மீளத் தோற்றுபவர் தொண்ணூறு புள்ளி எடுத்தாலும் ‘சி’தான் பதிவாகும். சராசரிக் கணக்கில் அதன் பெறுமதி 2.00. சி மைனஸ் என்றால் 1.70, நான் எதிர்பார்த்த பி பிளஸ் 3.30. திரும்ப எழுதிச் ‘சி’ எடுத்தாலும், மூன்று கிரடிட் பாடமொன்றில் விழும் 1.30 வித்தியாசம், 120 கிரடிட் கொண்ட பட்டத்தின் சராசரியை ஏறக்குறைய 0.03 ஆல் கீழே இழுத்துவிடும். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவின் எல்லை 3.30. 3.27 உடன் அதைத் தவறவிட்ட அக்காமாரை எனக்குத் தெரியும்.

மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். படிவத்தை வாங்கிக் கவனமாக வாசித்தேன். இறுதிப் பரீட்சை விடைத்தாளின் கூட்டலைச் சரிபார்ப்பதும், திருத்தாமல் விட்ட பக்கம் உண்டா என்று பார்ப்பதும் மட்டுமே அதில் அடங்கும். பாடத்தின் 100 புள்ளியில் 40, இறுதிப் பரீட்சைக்கு முன் நடக்கும் தொடர்மதிப்பீட்டுக்குரியது. அதில் 20 கள அறிக்கைக்கு. பிழை அந்தப் பக்கத்தில் இருந்தால் மீள்பரிசீலனைக்கு அது அகப்படாது. சிறாப்பரிடம், அதாவது காசாளரிடம், கட்டணம் கட்டிப் படிவத்தைக் கொடுத்தேன். கூடவே துறைத்தலைவருக்குத் தனிக் கடிதமும் எழுதினேன்.

கடிதத்தில் முறைப்பாடோ கெஞ்சலோ வைக்கவில்லை. தொடர்மதிப்பீட்டின் ஒவ்வொரு கூறுக்கும் எனக்குக் கிடைத்த புள்ளியைத் தனித்தனியே அறியத் தருமாறு கேட்டேன். அலுவலகத்தில் இருந்த அண்ணா, “தங்கச்சி, இப்படி யாரும் கேட்பதில்லையே” என்றார். “பரவாயில்லை அண்ணா, என்னுடைய பிரதியில் திகதி முத்திரை மட்டும் பதித்துத் தாருங்கள்” என்றேன். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கவும் எண்ணியிருந்தேன். அதன்படி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பரீட்சை இரகசியங்களுக்கு அதே சட்டம் விலக்கும் அளித்திருப்பதால், அதைக் கடைசி வழியாகவே வைத்திருந்தேன்.

அந்த அளவுக்குப் போகத் தேவை வரவில்லை. துறைத்தலைவர் என்னை அழைத்து, கணினியில் புள்ளிப் பட்டியலைத் திறந்தார். கள அறிக்கை: பூச்சியம். “நீங்கள் அறிக்கை தரவில்லையே?” என்றார். ஆய்வுகூடத்தில் கையளிப்புப் பதிவேடு இருக்கிறது மிஸ் என்றேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அதைக் கொண்டுவந்து விரித்தார். திகதி, சுட்டெண், என் கையொப்பம், வாங்கியவரின் சுருக்கொப்பம், எல்லாம் இருந்தன. மிஸ் சற்று நேரம் பேசாமல் பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். எனக்கு முந்திய சுட்டெண்காரர் இடையில் படிப்பை விட்டுப் போனவர். அவருடைய பெயர் பட்டியலில் இருக்க, புள்ளி நிரலில் அவருக்கு இடம் விடப்படவில்லை. அங்கிருந்து எல்லாருடைய புள்ளியும் ஒரு வரி மேலே ஏறிவிட்டது. போனவருக்கு என்னுடைய 16 புள்ளி, எனக்கு அடுத்தவரின் பூச்சியம். கடைசிச் சுட்டெண்காரிக்கு வெற்றிடம் விழுந்ததால் அவளையும் அறிக்கை தராதவள் என்று எடுத்திருந்தார்கள். அவள் எதுவும் கேட்காமல், மீளத் தோற்ற ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள்.

திருத்தத்தால் எல்லாரும் உயரவில்லை. எனக்கு அடுத்த சுட்டெண்காரரின் பெறுபேறு இறங்கியது. சில கிழமைகள் அவர் என்னோடு கதைக்கவில்லை. அவர் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்ததால்தான் அறிக்கை கொடுக்காமல் விட்டவர் என்பது பிறகுதான் தெரிந்தது. மருத்துவச் சான்றிதழ் இருந்தும் கொடுக்கவில்லை. அதை இணைத்துப் பீடச்சபைக்கு எழுதும்படி வற்புறுத்தினேன், கடிதத்தையும் சேர்ந்தே எழுதினோம். பிந்திய விண்ணப்பம் என்று இழுத்தடித்து, கடைசியில் அடுத்த தொகுதியுடன் அறிக்கை கொடுக்க அனுமதித்தார்கள்.

பல்கலைக்கழக மூதவை (செனற்) அங்கீகரித்த பின் திருத்திய பெறுபேறு வெளியானது. பி பிளஸ். அதோடு விட்டுவிடாமல் பெறுபேற்று அறிக்கையின் பிரதி ஒன்றைப் பரீட்சைக் கிளையில் எடுத்துப் பார்த்தேன். அதில் பழைய சி மைனஸ் அப்படியே இருந்தது. திருத்திய அறிவித்தலின் பிரதியைக் காட்டி அதையும் மாற்றுவித்தேன். கடைசிச் சுட்டெண்காரியையும் அழைத்துப் போயிருந்தேன். அவளுடைய பெறுபேறும் அன்றே திருத்தப்பட்டது.