ஈமு கேஸும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்

பேங்க் வேலையிலிருந்து ரிட்டையர் ஆன பிறகும் எனக்குச் சம்மன் வருவது நிற்கவில்லை. டெபாசிட் மோசடி வழக்கென்றால், கம்பெனிக்குக் கணக்கு இருந்த கிளையின் மேலாளரும் பெரும்பாலும் ஒரு சாட்சி. இந்த வழக்குகளுக்கென்றே உள்ள கோவை டான்பிட் (TNPID) தனி கோர்ட் எனக்குப் பழகிய இடமானது அப்படித்தான்.

2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்புக் கம்பெனிகள் வரிசையாகப் படுத்தன. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம், மாதம் 6,000 ரூபாய் என்று ஆசை காட்டியிருந்தார்கள். ஓனர்கள் தலைமறைவாக, பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கமே தீவனம் போட வேண்டியிருந்தது.

"போலீஸ் முன்னாடியே ஏன் பிடிக்கல?" என்று இன்றும் கேட்கிறார்கள். மாதப் பணம் ஒழுங்காக வரும்வரை யார் புகார் கொடுப்பார்கள்? சந்தேகப்பட்டவனைத்தான் ஊரே திட்டியது. டான்பிட் என்கிற, டெபாசிட் போட்டவர்களின் நலன் காக்கும் 1997-ன் தமிழ்நாட்டுச் சட்டத்திலும், சொன்னபடி பணத்தைத் திருப்பித் தராததுதான் தண்டனைக்குரிய குற்றம். 2019-ல் வந்த மத்தியச் சட்டம்தான், முறைப்படுத்தப்படாத திட்டத்துக்கு டெபாசிட் வாங்குவதையே குற்றமாக்கியது.

விசாரணை என்றால் சினிமா மாதிரி துரத்தல் எல்லாம் இல்லை. பொருளாதாரக் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர் ஒருவர் எங்கள் கிளையில் உட்கார்ந்து, ஸ்கேலை வைத்து ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பார்த்தார். காலையில் புது ஆட்களின் டெபாசிட் வரவாகும். சாயங்காலத்துக்குள் அதே பணம் பழைய ஆட்களுக்கு மாதப் பணமாகப் பற்றாகும். ஈமு முட்டை விற்றோ ஈமு எண்ணெய் விற்றோ வந்த வரவு ஒரு ரூபாய்கூட இல்லை. "தொழிலே நடக்கல சார்" என்றார். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட அதைவிட என்ன வேண்டும்?

கணக்குத் தொடங்கிய படிவமும் அதே அளவு முக்கியம். டைரக்டர் என்று மனைவி பெயரைப் போட்டிருப்பார்கள். செக்கில் கையெழுத்துப் போடுவது வேறு ஆள். கம்பெனியை உண்மையில் நடத்தியது யார் என்பது அங்கேதான் மாட்டும்.

என் வேலை, 1891-ம் வருடத்து வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்றளித்த நகலைத் தருவது, கூடவே கம்ப்யூட்டர் பிரின்ட்டுக்கு, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்ட சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் கத்தையையே ஏற்கக் கூடாது என்பார். இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் ஹாஷ் மதிப்பும் (ஃபைலில் எதுவும் மாறவில்லை என்று காட்டும் குறியீடு) எழுதித் தர வேண்டுமாம். நல்லவேளை, என் காலத்தில் அது இல்லை.

தீர்ப்பு வந்தாலும் பணம் உடனே கைக்கு வராது. முடக்கிய சொத்தை டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) ஏலம் விட்டு, வந்ததைப் பங்கு பிரிக்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: "செட்டில் பண்றோம், ஒரிஜினல் ரசீதைக் கொடுங்க" என்று ஏஜென்ட் வந்தால் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். எங்கள் தெருவிலேயே ரெண்டு பேர் ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு, புகாரோடு வைக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நின்றார்கள்.