ஒன்பதாம் நாள்

ஜனவரி 19
இரண்டு வாரமாக மழை இல்லை. மலையடிவாரத்து ரப்பர் மரங்கள் மொட்டையாகிக்கொண்டு வருகின்றன. பினாங்கு தாவரவியல் தோட்டத்தில் காலடியெல்லாம் சருகுச் சத்தம். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "பூத்துச்சா?"

ஜனவரி 23
ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை.

பிப்ரவரி 11
தைப்பூசம். தண்ணீர்மலை ரோட்டில் கால் வைக்க இடமில்லை, தோட்டத்துப் பக்கம் போகவில்லை. மலைக்கோயிலுக்கு 513 படி. போன வருஷம் அம்மா ஏறினாள், நடுவில் இரண்டு தடவைதான் உட்கார்ந்தாள். இந்த வருஷம் வீட்டு வாசலிலேயே தேங்காய் உடைக்கச் சொன்னாள். கோணலாக உடைந்தது. அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

மார்ச் 2
மழை! மூன்று மணிக்குப் பிடித்தது, ஒரு மணி நேரம் விடவில்லை. ஜன்னல் வழியாக வந்த காற்றுக்கு அம்மா போர்வை கேட்டாள். இன்றிலிருந்து எண்ண வேண்டும்.

நுழைவாயில் பக்கம் தூங்குமூஞ்சி மரத்தில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது அந்தப் புறா ஆர்க்கிட். மொட்டு ஓரளவு வந்து அப்படியே நின்றுவிடும். காய்ந்து கிடக்கும்போது திடீரென்று ஒரு மழை பெய்து குளிர்ந்தால்தான் மீண்டும் வளரும். ஒன்பதாம் நாள் விடியும்போது ஊரில் உள்ள இந்தச் செடியெல்லாம் ஒன்றாகப் பூக்கும், ஒரே நாளில் வாடிவிடும். அம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது தாத்தா. எனக்கு அம்மா.

ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார்கள். இது ஒன்பது என்கிறது. சரி, இதையே எண்ணுவோம்.

மார்ச் 7
நாள் 5. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். 11ஆம் தேதி, காலை ஏழரை. ஒன்பதாம் நாளே கிடைத்ததா இவர்களுக்கு?

மார்ச் 11
நம்பர் 64. மூன்று மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள். அம்மாவை வீட்டில் படுக்க வைத்துவிட்டு ஓடினேன். தூங்குமூஞ்சி இலையை மூடிக்கொண்டிருந்தது, மலாய்க்காரர்கள் அதை ஐந்து மணி மரம் என்பது சும்மா இல்லை. கிளை நெடுக வெள்ளைப் பூ துவண்டு தொங்கியது. மூக்கை நீட்டி நீட்டிப் பார்த்தேன், வாசனை கொஞ்சம் மிச்சம் இருந்த மாதிரி.

"பூத்துச்சா?"
"பூத்துச்சும்மா."
அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

ஏப்ரல் 5
ரோட்டோரம் அங்சனா மரம் பூத்துக் கொட்டி, நிறுத்தியிருந்த கார்களெல்லாம் மஞ்சள். என் காரையும் துடைக்காமலே ஓட்டி வந்தேன், அம்மா பார்க்கட்டும் என்று. அவள் தூங்கிவிட்டாள்.

மே 18
தோட்டத்தில் லோத்தோங் குரங்கு குட்டி போட்டிருக்கிறது. தாய் கரும்சாம்பல், கண்ணைச் சுற்றி வெள்ளைக் கண்ணாடி. மடியில் இருப்பது ஆரஞ்சு நிறம், யாரோ தவறான பிள்ளையைக் கொடுத்துவிட்ட மாதிரி. அம்மா ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள். "நீயும் பொறந்தப்ப அப்படித்தான் இருந்த."

மே 19
நேற்று சிரித்ததற்கு இன்று பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் வலி.

ஜூன் 29
அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தான். பாலேக் பூலாவ் போய் டுரியான் வாங்கி வந்து, அம்மாவுக்கு ஆகாது என்றதும் வாசலில் உட்கார்ந்து அவனே தின்றான். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இருவரும் அங்கே வந்துவிடுங்கள் என்கிறான். அங்கேயும் அந்த ஆர்க்கிட் உண்டாம். நான் பதில் சொல்லவில்லை.

ஜூலை 2
நாகலிங்கப் பூ ஒன்று உதிர்ந்து கிடந்தது. கைக்குட்டையில் வைத்துக் கொண்டுவந்தேன். தலையணை பக்கத்திலேயே வைக்கச் சொன்னாள், சாமி மேடையில் வேண்டாமாம்.

ஆகஸ்ட் 24
அந்த இடம் கருங்கல் குவாரியாக இருந்ததாம், 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் வந்துதான் தோட்டமாக்கினாராம். தாத்தா சொன்னது என்று அம்மா இன்று முழுதும் அதையே பேசினாள். கெபுன் பூங்ஙா, பூந்தோட்டம், என்று மலாயில் சொல்வதில் வரும் பூங்ஙாவை நம் பூங்கா என்றே இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாள், அது பூ. நான் திருத்தவில்லை. அப்புறம் தெளிவாகக் கேட்டாள்: "ஒரு தடவ கூட்டிட்டுப் போறியா?"

செப்டம்பர் 30
தினமும் மழை. எந்த மழையிலிருந்து எண்ணுவது?

அக்டோபர் 9
ஆறு நாள் நல்ல வெயில். இன்று நாலு மணிக்கு வானம் இருண்டு கொட்டியது. இதுதான். இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அக்டோபர் 13
நாள் 4. கஞ்சி இரண்டு கரண்டி.

அக்டோபர் 15
நாள் 6. அண்ணனிடம் வராதே என்றேன். பிறகு, வா என்றேன்.

அக்டோபர் 17
நாள் 8. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் கிறீச்சிடுகிறது, தேங்காய் எண்ணெய் விட்டேன். நீலச் சேலை வேண்டுமாம், எடுத்து வைத்தாயிற்று. அலாரம் ஐந்தே முக்காலுக்கு.