ஃபேனுக்குக் கீழே ஒரு விஆர் அறை: ஐந்து வாரக் குறிப்பு

மெட்டா குவெஸ்ட் 3 வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. தலையில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகத்தை (விஆர்) பார்க்கும் ஹெட்செட் இது. சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்தார். கோயம்புத்தூரில் ஒரு பழைய மாடி வீடு, பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால், அம்மாவும் நானும். இப்படி ஒரு இடத்தில் இதை வைத்துப் பழகுவது எப்படி இருக்கிறது என்று தமிழில் யாராவது எழுதியிருந்தால் எனக்கு முதல் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

எனக்கு இந்த ஆசை புதிதல்ல. கூகுள் 2014-ல் அட்டைப்பெட்டிக்குள் போனைச் செருகிப் பார்க்கும் கார்ட்போர்டை வெளியிட்டது. இரண்டு வருடம் கழித்து நானும் ஒன்று வாங்கினேன். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும், அவ்வளவுதான். ஒரு அடி முன்னால் குனிந்தால் காட்சி நகராது, மொத்த உலகமும் நம் முகத்தோடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும். குவெஸ்ட் 3-ல் உள்ள கேமராக்கள் அறையைப் பார்த்தபடியே இருப்பதால், நாம் குனிந்தது, நகர்ந்தது, எட்டிப் பார்த்தது எல்லாம் அதற்குத் தெரிகிறது. மேசை மேல் இருக்கும் பொருளின் பின்பக்கத்தைக் கழுத்தை நீட்டிப் பார்க்க முடிகிற அந்த நொடியில்தான் இது வேறு சங்கதி என்று புரியும்.

தொடக்க வேலைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போனில் மெட்டா ஹொரைசன் ஆப், ஒரு கணக்கு, வைஃபை பாஸ்வேர்டு, அப்புறம் ஒரு நீளமான அப்டேட். இரண்டு கையிலும் பிடிக்கும் கன்ட்ரோலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு டபுள் ஏ பேட்டரி. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அறைதான் உண்மையான வேலை. நடமாடி விளையாட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் வேண்டும் என்கிறார்கள். டீப்பாயைப் படுக்கையறைக்கு நகர்த்தினேன். பீரோக் கண்ணாடிக்கு ஒரு பழைய வேட்டியைத் தொங்கவிட்டேன். கண்ணாடியில் தெரிகிற பிம்பம் கேமராக்களைக் குழப்பும். தரையில் எல்லைக்கோட்டை ஹெட்செட் தானாகவே போட்டுத் தருகிறது, ஆனால் அது சுவர்வரைக்கும் போய்விட்டது. வேகமாகக் கையை வீசும்போது கோட்டைப் பார்த்து நிறுத்த நேரம் இருக்காது. அதனால் அழித்துவிட்டுச் சுவரிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி நானே வரைந்துகொண்டேன். நடுவில் ஒரு வட்டமான ரப்பர் மிதியடி. வெறுங்காலில் நின்றால் மிதியடியின் சொரசொரப்பு பாதத்தில் படும். டைல்ஸின் குளிர்ச்சி பட்டால் நடுவிலிருந்து விலகிவிட்டோம் என்று அர்த்தம். கண்ணைக் கட்டிக்கொண்ட நேரத்தில் இது கொடுக்கிற தைரியம் பெரிது.

எல்லாம் சரி என்று நினைத்து முதல் நாள் பெட்டிகளை வெட்டும் விளையாட்டு ஒன்றைத் தொடங்கினேன். இரண்டாவது நிமிடத்தில் அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார்: "கண்ணு, கையை எறக்கு! ஃபேனு!" ஹெட்செட்டைக் கழற்றிப் பார்த்தால் இறக்கைக்கும் என் விரலுக்கும் நாலு அங்குலம்தான் இருந்தது. எல்லைக்கோடு நாலு பக்கச் சுவரைப் பற்றித்தான் சொல்லும், தலைக்கு மேலே என்ன சுற்றுகிறது என்று சொல்லாது. டேப் வைத்து அளந்தேன். எங்கள் வீட்டுக் கூரை தாழ்வு, இறக்கை தரையிலிருந்து 7 அடி 8 அங்குலத்தில் சுற்றுகிறது. கன்ட்ரோலரோடு நான் கையை முழுக்க நீட்டினால் 7 அடி 9. நம் ஊர் வீடுகளில் ஹெட்செட் வாங்குகிற யாராக இருந்தாலும் முதலில் அளக்க வேண்டியது இந்த உயரத்தைத்தான். அன்றிலிருந்து சீலிங் ஃபேன் அணைத்த பிறகுதான் ஹெட்செட். காற்றுக்கு மூலையில் ஒரு டேபிள் ஃபேன்.

அடுத்தது டியூப்லைட். பாஸ்த்ரூவில், அதாவது கேமரா வழியாக அறையைப் பார்க்கும்போது, சுவரில் மெல்லிய பட்டைகள் மேலும் கீழும் ஓடின. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கேமராவின் வேகம் அதோடு ஒத்துப்போகாவிட்டால் இப்படித்தான் தெரியும். செட்டிங்ஸில் டிராக்கிங் அதிர்வெண் என்று ஒன்று இருக்கிறது, அதை ஆட்டோவிலிருந்து 50-க்கு மாற்றினேன். பட்டைகள் அடங்கின. பகலில் வேறு எச்சரிக்கை தேவை. ஹெட்செட்டின் லென்ஸ் வழியாக நேர் வெயில் உள்ளே போனால் பூதக்கண்ணாடி பஞ்சைப் பொசுக்குவதுபோலத் திரையைப் பொசுக்கிவிடும். எங்கள் ஜன்னல் கிழக்கு பார்த்தது. வேலை முடிந்ததும் பையில் போட்டு மூடிவிடுகிறேன்.

இரண்டாவது நாள் நடந்ததை மறக்க முடியாது. கன்ட்ரோலரில் உள்ள குச்சியைக் கட்டைவிரலால் தள்ளி நடக்கிற விளையாட்டு ஒன்று. பன்னிரண்டு நிமிடம். முதலில் நெற்றியில் குளிர்ந்த வியர்வை, பிறகு வாயில் எச்சில் ஊறியது, பிறகு வயிறு. சின்ன வயதில் வால்பாறை பஸ்ஸில் நாற்பது கொண்டை ஊசி வளைவையும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஏறிய அதே உணர்ச்சி. பஸ்ஸில் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நகர்கிறோம்' என்கிறது, பஸ்ஸுக்குள்ளேயே பதிந்த கண் 'இல்லை' என்கிறது. இங்கே அது தலைகீழ். கண் ஓடுகிறது, உடம்பு மிதியடி மேல் அசையாமல் நிற்கிறது. இரவு பத்து மணிவரை படுத்தே கிடந்தேன். இரண்டு நாள் அதைத் தொடவில்லை.

பிறகு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு முறையாகத் தொடங்கினேன். முதல் வாரம் நின்ற இடத்திலேயே ஆடும் விளையாட்டுகள் மட்டும், பத்து நிமிடம். இரண்டாம் வாரம், ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டினால் அங்கே சட்டென்று போய் நிற்கும் வகை நடை. மூன்றாம் வாரம்தான் குச்சியைத் தள்ளி நடப்பது, அதுவும் உட்கார்ந்தபடி, நகரும்போது பார்வையின் ஓரங்களை இருட்டாக்கும் வசதியோடு. திரும்புவதைச் சீராக வைக்காமல் 30 டிகிரி, 30 டிகிரியாக வெட்டித் திரும்பும்படி வைத்தேன். வாயில் இஞ்சி மரப்பா. எச்சில் ஊறத் தொடங்கியதுமே கழற்றிவிடுவேன். தம் கட்டித் தாக்குப்பிடித்த ஒரு நாள், அதற்கு மறுநாள் ஹெட்செட்டைக் கையில் எடுத்தாலே குமட்டியது. அந்தத் தப்பை மறுபடி செய்யவில்லை.

இதில் எதிர்பாராமல் உதவியது அந்த டேபிள் ஃபேன். காற்று எப்போதும் ஒரே மூலையிலிருந்து வருவதால், எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன் என்பது கன்னத்துக்குத் தெரிகிறது. வியர்க்காததால் குமட்டலும் தள்ளிப்போகிறது.

குமட்டலில் பாதி என் கண் அளவால் வந்தது என்று பத்தாம் நாள்தான் கண்டுபிடித்தேன். இரண்டு கருவிழிகளுக்கு நடுவில் உள்ள தூரத்துக்குத் தகுந்தபடி லென்ஸ்களை நகர்த்த ஹெட்செட்டின் அடியில் ஒரு சக்கரம் இருக்கிறது. அதைத் தொடாமலே விட்டிருந்தேன். அது 68-ல் நின்றது. கண்ணாடிக் கடையில் கொடுத்த சீட்டை எடுத்துப் பார்த்தால் எனக்கு 62 மில்லிமீட்டர். பிரவுசரில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினேன். 'ணை' என்ற எழுத்தின் சுழிகள் ஒன்றோடொன்று கலந்து கறுப்புத் திட்டாகத் தெரிந்தது, 62 வந்ததும் ஒவ்வொரு சுழியும் தனித்தனியாகப் பிரிந்து நின்றது. பத்து நாளாக என் கண் இரண்டும் இழுபறியில் இருந்திருக்கிறது.

கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. திரை கண்ணுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, கண்ணாடி வேண்டாம் என்று நினைக்காதீர்கள். லென்ஸ் அந்தப் படத்தை ஒரு மீட்டருக்கும் அப்பால் இருப்பதுபோலக் கொண்டு போய் வைக்கிறது, அதனால் கண்ணாடி போட்டால்தான் தெளிவு. முகத்தில் படும் பஞ்சுப் பட்டையை உள்ளே இருக்கும் பொத்தான்களை அழுத்தி வெளியே இழுத்தால் கண்ணாடிக்கு இடம் கிடைக்கும். கண்ணாடி ஹெட்செட்டின் லென்ஸில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டிலும் கீறல் விழும்.

பளு இன்னொரு சங்கதி. 515 கிராமும் முன்பக்கமே இருப்பதால் அரை மணி நேரத்தில் கன்னத்து எலும்பு வலிக்கிறது. பின்பக்கம் எடை கட்டினால் சமமாகும் என்று படித்தேன். அம்மாவிடம் சொன்னதும் தையல் மெஷினை எடுத்து, பழைய ஜீன்ஸ் துணியில் இரண்டு வெல்க்ரோ பட்டையோடு ஒரு சின்னப் பை தைத்துக் கொடுத்தார். அதற்குள் 10000 எம்ஏஎச் பவர் பேங்க். மொத்த எடை கூடியிருக்கிறது, ஆனால் முகத்தில் அழுத்தம் போய்விட்டது. இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோன சார்ஜும் இப்போது சாயங்காலம் முழுக்க நிற்கிறது. பின்பட்டையைப் பிடரி எலும்புக்குக் கீழே இறக்கிப் போட வேண்டும், மேலே போட்டால் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

கம்ப்யூட்டரில் ஓடும் காட்சியை வைஃபை வழியாக ஹெட்செட்டுக்கு அனுப்பிப் பார்த்தது நான்காம் வாரம். காட்சி திக்கித் திக்கி வந்தது, ஐந்து நிமிடத்தில் பழைய குமட்டல் திரும்பியது. 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 படம் மாறும்போது, ஒரு படத்துக்கு 11 மில்லிநொடிதான் அவகாசம், நடுவில் ஒன்று தவறினாலும் உடம்பு உணர்கிறது. கம்ப்யூட்டரை ரவுட்டரோடு லேன் கேபிளால் இணைத்து, ஹெட்செட்டை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போட்டு, ரவுட்டரை ஹாலுக்கே கொண்டுவந்த பிறகுதான் சீரானது.

அக்கா மகன் லீவுக்கு வந்து கேட்டுப் பார்த்தான். ஏழு வயது. மெட்டாவே பத்து வயதுக்குக் கீழே கூடாது என்கிறது, கண்களுக்கு நடுவில் உள்ள தூரமும் அவனுக்கு ஒத்துவராது. கொடுக்கவில்லை. அவனுக்கு வருத்தம்தான். நான் ஆடுவதை டிவியில் போட்டுக் காட்டினேன்.

அம்மாவுக்குப் போட்டுவிட்டது போன ஞாயிற்றுக்கிழமை. முழங்கால் வலியால் அவர் இப்போது வெளியூர் போவதில்லை. காலையில் குளித்து நெற்றி நிறைய விபூதி பூசி வந்து உட்கார்ந்தார். அந்தத் தூள் லென்ஸில் உதிர்ந்தால் துடைக்கும்போது மணல் மாதிரிக் கீறும். விபூதியை அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெள்ளைக் கைக்குட்டையை நான்காக மடித்து நெற்றியில் கட்டி, அதன் மேல் ஹெட்செட்டை வைத்தேன். எண்ணெய்க் கூந்தலும் அதிலேயே ஒதுங்கியது. கை வைத்த நாற்காலி, கால் தரையில் ஊன்றியபடி, முதலில் பாஸ்த்ரூ மட்டும். தன் வீட்டையே பார்த்துக்கொண்டு, "டிவி அங்கதான் இருக்குது, நீ இங்க இருக்கற, சரி போடு" என்றார்.

தஞ்சைப் பெரிய கோயில் பிராகாரத்தில் நின்று யாரோ எடுத்த 360 டிகிரி படம். அசையாத படம், ஆகவே குமட்டாது. தலையைத் திருப்பலாம், முன்னால் சாயக் கூடாது என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவர் மெல்ல நிமிர்ந்தார். 216 அடி விமானம் அது, முழுக்கப் பார்க்க நாற்காலியில் பின்னால் சாய வேண்டியிருந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. "கழுத்து வலிக்குதுங்களா அம்மா, எடுத்துடவா?" என்று கேட்டேன். "வலிக்குது. எடுக்காத" என்றார். இரண்டு கையையும் கூப்பி நெஞ்சருகே வைத்திருந்தார். ஏழு நிமிடம் பார்த்தார்.

இன்றைய நிலவரம்: உட்கார்ந்து 40 நிமிடம், நின்றபடி 20 நிமிடம், குமட்டல் இல்லை. ஃபேன் கம்பியைக் குட்டையாக்க வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன், சம்மதம் சொல்லியிருக்கிறார். கைக்குட்டைக்குப் பதிலாக அம்மாவே தன் அளவுக்கு ஒரு பருத்தி நெற்றிப் பட்டை தைத்துவிட்டார். அடுத்து அவர் கேட்டிருப்பது ராமேஸ்வரத்து மூன்றாம் பிராகாரம். நீளவாக்கில் தூண்வரிசை தெரிகிற மாதிரி ஒரு நல்ல படம் நேற்று கிடைத்தது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு போட்டுவிடச் சொல்லியிருக்கிறார்.